நாலு லிட்டரில் வருகிறவர்கள்

என் நாத்தனாருக்குக் காத்தக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு நோயாளி வீட்டில் ஆரம்பித்து, கம்பெனி வரைக்கும் போய், கடைசியில் எங்கள் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. நேரில் நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் மனசுக்குள் காத்தக்கா என்பேன். மாடியில் அவள், கீழே நாங்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே வீடு. அதனால் மனசுக்குள் நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் இருந்தபடியே ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மிஷின் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. புருஷன் போன மூன்றாம் மாதம், பழைய குழாய்களையும் முகமூடிகளையும் கழுவிக் காயவைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். கழுவுகிறவள் சும்மா கழுவவில்லை. திரும்பி வந்த மிஷின்களைத் திறந்து பார்த்தாள், திட்டு வாங்கினாள், மறுபடி திறந்தாள். இரண்டே வருஷத்தில் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அவளைத் திட்டிய மேஸ்திரியே பிறகு, "அந்தம்மாவைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்பினார்.

கறார் என்றால் அப்படி ஒரு கறார். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எண்ணிப் பார்த்தால் அந்த முயலுக்கு நிஜமாகவே மூன்று கால்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் மிஷினைப் பார்ப்பாள். முட்டி உயரத்துக்கு, சக்கரம் வைத்த பெட்டி அது. அறையில் இருக்கிற காற்றையே உறிஞ்சி, வேண்டாததை வடிகட்டிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். முகப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு குண்டுமணி. திருகைத் திருப்பினால் குண்டு ஏறும், எந்தக் கோட்டில் நிற்கிறதோ நிமிஷத்துக்கு அத்தனை லிட்டர். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், காற்று அதில் குமிழி விட்டு ஈரமாகிப் போவதற்கு. மூக்கில் மாட்டுகிற நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்து, "எப்படி இருக்கீங்க" என்று கேட்பாள்.

பேய் பிசாசு என்று யாராவது எடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. கேட்டால், "நான் போற வீட்ல பாதிப் பேர் சாகப்போறவங்க. எவனும் திரும்பி வந்து என்னை மிரட்டினதில்ல. மிஷினைத் திருப்பிக் கொடுக்காத சொந்தக்காரங்கதான் மிரட்டியிருக்காங்க" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

வெல்டர் வீட்டுக்கு அவள் போகத் தொடங்கியது போன மழைக்காலத்தில். முப்பத்தைந்து வருஷம் வெல்டிங் புகையைக் குடித்த நெஞ்சு அந்த மனிதருக்கு. அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். ஒரே மகள், பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அது நடந்து பதினோரு வருஷம் ஆகியும், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய படிப்பு நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை. ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்கள். பட்டப்பகலிலும் மிஷினின் மேல் எரியும் பச்சை விளக்குதான் அந்த அறையில் முதலில் கண்ணில் படும் என்றாள் என் நாத்தனார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு லிட்டர், அதற்கு மேல் கூடாது. இதை என் நாத்தனார் எனக்கு அரிசி களைந்துகொண்டே விளக்கியிருக்கிறாள். எல்லா நெஞ்சும் ஒன்று இல்லை. இந்த மாதிரிப் புகை தின்ற நெஞ்சுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் மூச்சு சோம்பேறி ஆகிவிடும். வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தங்கும். ஆள் சிவந்து, பார்க்க நன்றாக இருப்பார். தூக்கம் சொக்கும், உளறுவார், பிறகு எழுந்திருக்கவே மாட்டார்.

"விரல்ல ஆக்சிஜன் அளக்கற கிளிப் மாட்டிப் பாத்தா தொண்ணூத்தெட்டு காட்டும். வீட்ல எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நம்பர் நல்லா இருக்கும், ஆள் போயிட்டிருப்பான். தொண்ணூறு காட்டினா போதும் அவருக்கு" என்றாள்.

அதனால் முதல் நாளே, ஒன்று என்ற கோட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, "குண்டு இதைத் தாண்டக் கூடாதும்மா" என்று வெல்டரின் மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தாள். அந்தம்மாவும் இரண்டு தடவை தலையாட்டினார்.

அடுத்த மாதம் போனபோது குண்டு நாலில் நின்றது.

அதற்கு அடுத்த மாதமும் நாலு. மூன்றில் இல்லை, ஐந்தில் இல்லை, கோடு பார்த்து வைத்த மாதிரி நாலு. கேட்டால் அந்தம்மா, "நான் தொடலையே" என்றார். வெல்டரால் எழுந்து இரண்டடி நடக்க முடியாது. வேலைக்காரி கிடையாது, பூனைகூடக் கிடையாது. கம்பெனிக்குச் சொன்னாள், அவர்கள் போன் பண்ணினார்கள், அந்தம்மா சரி சரி என்றார். டாக்டரிடமும் சொன்னாள், அவரும் போனில் திட்டினார், அதற்கும் சரி சரி. திருகுக்குப் பூட்டு இருக்கிற புது மிஷின் கேட்டிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்த வீட்ல ஏதோ சரியில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எனக்கு ஆச்சரியம். 'சரி, காத்தக்காவுக்கும் காற்று அடித்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டு துணியைத் தைக்கப் போனேன். வீட்டிலேயே மிஷின் போட்டு யூனிஃபார்ம் தைக்கிறேன். எனக்கு ஆயிரம் பட்டன் வேலை.

நாலாவது தடவை அவள் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெல்டர் பேசிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது, முகம் சிவந்து மினுமினுப்பாக இருந்தது. காலி நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பி, "அப்படியா" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சிரித்தார். "அம்மா கேட்டா திட்டுவா" என்றார். மறுபடி நிறுத்தினார். எதிர்ப்பக்கம் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்தினார் என்றாள் என் நாத்தனார். போனில் பேசுகிறவரை நாம் பக்கத்திலிருந்து கேட்போமே, அந்த மாதிரி. அந்தம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, சின்னப் பெண் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற மாதிரி குமிழி விட்டது. குண்டு நாலில்.

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். ஒளிக்கவில்லை.

"நாலுல வெச்சாத்தாம்மா அவ வர்றா" என்றார். "மூணுல இவர் சும்மா தூங்கறார். அஞ்சுல பேச்சு குழறுது. நாலுதான் சரி."

"அவர் செத்துருவாரும்மா."

"அரை மணிதான் வெப்பேன். மூச்சை எண்ணிக்கிட்டேதான் இருக்கேன். நிமிஷத்துக்குப் பத்துக்குக் கீழ போனா குறைச்சிருவேன்."

என் நாத்தனாருக்கு ஈரக்குலை நடுங்கியது என்றாள். பேய்க்கு அல்ல. ஒரு படிக்காத பெண் பிள்ளை, டாக்டர் சொல்லாமல் யாரும் சொல்லாமல், தன் புருஷனை எந்த இடம் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவரலாம் என்று ஒவ்வொரு கோடாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாளே, அதற்கு.

இரண்டே எட்டில் போய்த் திருகில் கை வைத்தாள். அப்போது வெல்டர் தலையை நாற்காலிப் பக்கமிருந்து அறை வாசல் பக்கம் திருப்பினார். கண் திறக்கவில்லை.

"வாசல்ல யாரு, டிரைவரா" என்றார். "உள்ள வாங்க. உங்க வீட்டம்மா இங்கதான் இருக்காங்க."

இந்த இடத்தில் அந்த ஒரு காலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் நாத்தனார் புருஷன் பஸ் டிரைவர். எனக்கு அண்ணன் முறை, அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் இருவருக்கும் சண்டை. குடிக்கிற தண்ணீர்க் கேனை அவர் ராத்திரியே மாடிக்குத் தூக்கிவைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். எங்கள் வீட்டில் ஊசி விழுந்தால் உலக்கை விழுந்த மாதிரி பேசுகிற ஆட்கள் அதிகம். யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு இறங்கினவர் வாசலில் நின்று மேலே பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். அவள் வேண்டுமென்றே பாத்திரம் தேய்க்கிற குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள், கேட்காத மாதிரி. குழாயை மூடியபோது அவர் தெருமுனை திரும்பிவிட்டார். மத்தியானம் டிப்போவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். அவர் என்ன சொன்னார்? நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும், இறங்கிப் போகும்போது எப்போதும் சமாதானம் பண்ணிவிட்டுத்தான் போவார், நான்தான் பாவி, காது கொடுக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அந்த வெல்டருக்கோ அவர் மனைவிக்கோ இது எதுவும் தெரியாது. புருஷன் இல்லை என்றுகூட அவள் எந்த நோயாளி வீட்டிலும் சொல்வதில்லை.

திருகில் வைத்த கை அப்படியே நின்றது.

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள். அவள் குரலே அவளுக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டதாம்.

வெல்டர் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் காது கொடுத்தார். "குழாய் சத்தத்துல எனக்கே கேக்கல" என்றார். "மறுபடி சொல்லுங்க தம்பி."

அந்தம்மா தரையில் இருந்தபடி, "அரை மணி ஆகப்போகுதும்மா" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் என் நாத்தனார்.

எத்தனையோ வீட்டில் ஒரு கோடு தாண்டியதற்கு ஊரைக் கூட்டுகிறவள், கொஞ்சம் இருங்க என்றாள். இதை என்னிடம் சொல்லும்போது தலை நிமிரவில்லை. வெல்டரின் மூச்சை அவளும் எண்ணினாள். பத்து. ஒன்பது. விரல் கிளிப்பில் தொண்ணூற்றெட்டு, பளிச்சென்று. கையைத் திருகிலிருந்து எடுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. வெல்டர் உதட்டை நனைத்துக்கொண்டார். எட்டு.

"தண்ணிகூட..." என்றார்.

அதோடு நின்றது. பேச்சு மட்டும் இல்லை, நெஞ்சும் நின்றது. அவள் காத்திருந்தாள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன், அடுத்த மூச்சுக்காக இல்லை என்று அவளே சொன்னாள். அந்தம்மா எழுந்து, "எண்ணுங்க, எண்ணுங்க" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் கை தானாகத் திருப்பியது. நாலிலிருந்து ஒன்றுக்கு. அவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தி, கடைசியில் ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அவர்கள் அளவு பார்த்துக் கொடுக்கிற முகமூடியோடு வந்து சேர்வதற்குள் வெல்டர் கண்ணைத் திறந்திருந்தார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரிடம் குனிந்து, "தண்ணிகூட என்னங்க? அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"யாரும்மா?" என்றார் வெல்டர்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூட்டு வைத்த புது மிஷின் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டியது என் நாத்தனார், சாவியும் அவளிடம்தான். அதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் என் தையல் மிஷினுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து இத்தனையும் சொன்னாள். சொல்லிவிட்டு, பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டே, "பூட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. ரெண்டு நிமிஷம். நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, எனக்குத் தெரியாத மிஷினா" என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. அவள் சொன்ன இரண்டு நிமிஷத்தால் மட்டும் இல்லை. அந்த 'தண்ணிகூட' என்ற வார்த்தையால்.

ஏனென்றால் அண்ணா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அன்று காலை நான் வாசல்படியில் உட்கார்ந்து மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலேதான் கத்தினார். "இனிமே இந்த வீட்டுல எனக்குத் தண்ணிகூட வேண்டாம்." கோபத்தில் எவன் சொல்ல மாட்டான்? சாயங்காலம் வந்து மூன்று டம்ளர் குடித்திருப்பார். ஆனால் சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துக்கத்தன்று அவள் என் கையைப் பிடித்து, நீ கீழதானே இருந்தே, என்ன சொன்னார் என்று கேட்டபோது, "தையல் மிஷின் ஓடிட்டிருந்துச்சுக்கா, கேக்கல" என்றேன். அன்று மென்று முழுங்கியதை ஆறு வருஷம் வெளியே எடுக்கவில்லை. நான் வேறு யாரிடமும், என் புருஷனிடம்கூட, அதைச் சொன்னதில்லை.

இப்போது சொன்னால் இந்த ஆசை தீரும், அந்த மனிதர் பிழைப்பார் என்று கணக்குப் போட்டேன். என்னை அடித்தாலும் அடிக்கட்டும் என்று ஊசியை நிறுத்திவிட்டு, அண்ணா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒரு பட்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழட்டும், அதோடு இந்த ஆசை விட்டுவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

"தண்ணிகூட..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அண்ணா போனபிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம்.

"அந்த அய்யாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்றாள்.

பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

"அப்ப அவர் நிஜமாவே அங்க வர்றார்."

"அக்கா, தற்செயலா வந்த வார்த்தைக்கா அது. யார் வேணா தண்ணி கேப்பாங்க."

"கோபமாத்தான் போயிருக்கார்" என்றாள். நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. "ஆறு வருஷமா தண்ணி குடிக்காம நிக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். மன்னிச்சிருங்கன்னு ஒரே வார்த்தை. நாலுல வெச்சா வருவார்."

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். படியில் கால் வைக்கிற சத்தம் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் குளிக்கிற நேரத்தில் கம்பெனிக்கு நான் போன் பண்ணினேன். மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாலு லிட்டரை, 'கொஞ்சம் இருங்க' என்றதை, இன்றைக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்திருக்கிற திட்டத்தை. கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தவளைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். மேஸ்திரி நீளமாக மூச்சு விட்டு, "வேற ஆளை அனுப்பறேன். சாவியை வாங்கிக்கறேன்" என்றார்.

மத்தியானம் வந்துவிட்டாள். வேலைச் சாமான் பை இல்லை, வெறுங்கை. இனிமேல் பழைய குழாய் கழுவுகிற இடத்தில்தான் வேலையாம், வீடுகளுக்குப் போகக் கூடாதாம். வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் தைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"நீதானே சொன்னே?"

"ஆமாக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நல்லதுதான் பண்ணினே" என்றாள். "நான் போயிருந்தா அவர் பேசி முடிக்கற வரைக்கும் குறைச்சிருக்க மாட்டேன்."